வேலை இல்லாத நாளில் வேலைக்கு வந்தவள்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்தில் கணினி வைத்தார்கள். அதற்கு மஞ்சள் குங்குமம் பூசி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஓய்வுபெற்றவர்கள் என்ற முறையில் எங்கள் நாலைந்து பேருக்கு நாற்காலி போட்டார்கள். இனிமேல் மனுப் போட்டவர் தன் எண்ணைச் சொன்னால் போதுமாம். மனு எந்த மேசையில் இருக்கிறதென்று திரையில் தெரிந்துவிடுமாம். “எந்த மேசையில் தூங்குகிறதென்று தெரியும், சரி. எழுப்புவதற்கு வசதி இருக்கிறதா?” என்று கேட்டேன். மரியாதைக்குச் சிரித்தார்கள். இளம் உதவியாளர் ஒருவர், “உங்க காலத்துல எப்படி சார் கண்டுபிடிப்பாங்க?” என்றார். அதற்குள் காபி வந்துவிட்டது. அங்கே சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் பள்ளிப்பட்டுக்காரன். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தட்டச்சும் தேறி, நைனாவின் வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து தப்பித்துத் திருவள்ளூரில் ஒரு சிறிய அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். தொழிலாளர் மனுக்களை விசாரிக்கிற அலுவலகம் என்பதற்கு மேல் சொல்லமாட்டேன். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் பென்ஷன் வாங்குகிறார்கள். இரு சாராரையும் தொந்தரவு செய்யக் கூடாது.

என் வேலை தற்காலிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள். நீட்டாவிட்டால், ‘காலியிடமின்மையால் விடுவிக்கப்பட்டார்’ என்று ஒரே வரி. வேலை இழந்தவர்களின் மனுக்களை வாங்கி எண் போடும் பொறுப்பை, எந்த நேரமும் வேலை இழக்கக்கூடிய ஒருவனிடம் கொடுத்திருந்தார்கள். சர்க்காருக்கு நகைச்சுவை இல்லையென்று யார் சொன்னது?

பயிற்சி அரை நாள். வருகிற ஒவ்வொரு தாளுக்கும் பேரேட்டில் ஓர் எண். அதற்குக் ‘கரண்டு’ என்று பெயர். அந்த எண் ஒருமுறை பிறந்துவிட்டால் யாராவது முறைப்படி முடித்துவைக்கும்வரை சாகாது. முடித்துவைப்பதில் பல வகை. ‘எல்.டிஸ்.’ என்றால் ஓராண்டு கட்டிவைத்துப் பிறகு கிழித்துவிடலாம். ‘என்.டிஸ்.’ என்றால் மனுவை மனுதாரரிடமே திருப்பி அனுப்பிவிடலாம். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்றார் தலைமை எழுத்தர் வேதாசலம்.

வேதாசலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். அவர் தம் சர்வீஸில் யாரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. ‘குறை இருக்கு’ என்பார். மனுவை வாங்கியதும் படிக்கமாட்டார். முதலில் கட்டண வில்லை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒட்டியிருந்தால் கொஞ்சம் முகம் வாடும். அடுத்தது, இழுப்பறையிலிருந்து ரூல்தடியை எடுத்து இடப்பக்க ஓரத்தை அளப்பார். கால்வாசித் தாள் ஓரம் விட்டிருக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்துவிட்டால் மையின் நிறம். ஒருமுறை ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த ஓர் அரிசி ஆலைத் தொழிலாளி, யாரிடமோ கடன் வாங்கிய பேனாவால் பச்சை மையில் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். “பச்சை மைங்கிறது ஆபீசர் மட்டும்தான் எழுதலாம். நீ ஆபீசரா?” என்று மெதுவாகக் கேட்டார். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “இல்லீங்க” என்றான். “அதான் குறை.”

எல்லாம் சரியாக இருந்து, வேறு வழியின்றி மனுவை வாங்கிக்கொண்டால், ஆள் மாடிப்படி இறங்கிக் கடைசிப் படியில் கால் வைக்கும்வரை காத்திருப்பார். பிறகு, “யாரப்பா அது, ஒண்ணு விட்டுப்போச்சு!” என்று குரல் கொடுப்பார். அந்தக் கடைசிப் படி கணக்கில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. பெரும்பாலோர் மூன்றாவது முறை படியேற வருவதில்லை. அவர்களுடைய எண்களெல்லாம் அமைதியாக ‘எல்.டிஸ்.’ ஆகிவிடும். மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் சென்னைக்குப் போகும்போது எங்கள் அலுவலகத்தில் நிலுவை அநேகமாக இராது. எங்களுக்கு நல்ல பெயர்.

அந்தச் சமயத்தில்தான் ‘லே-ஆஃப்’ சட்டம் புதிதாக வந்திருந்தது. கரி இல்லை, மின்சாரம் இல்லை என்று கம்பெனி வேலை கொடுக்க முடியாமல் போனால், ஓராண்டு வேலை பார்த்தவனுக்கு அரைச் சம்பளம் தரவேண்டும். ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள் வரை. இந்த நாட்டில் வேலையில்லாதவனுக்குக் காசு என்று எழுத்தில் வந்ததே அப்போதுதான். ஆனால் ஒரு நிபந்தனை. வேலை இல்லாத அந்த ஒவ்வொரு நாளும் அவன் குறித்த நேரத்துக்கு வேலைக்கு வந்து ஆஜர் கொடுக்க வேண்டும். வந்து, இரண்டு மணி நேரம் நின்று, வேலை இல்லை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். வராதவனுக்குக் காசு கிடையாது.

கும்மிடிப்பூண்டிக்கு வெளியே ரயில் பாதையை ஒட்டி ஒரு பீங்கான் குழாய்க் கம்பெனி இருந்தது. பெயர் வேண்டாம். சாக்கடைக்குப் போடுகிற பழுப்பு நிறக் குழாய்கள் செய்வார்கள். வடக்கேயிருந்து கரி வேகன் வந்தால்தான் சூளை எரியும். அந்த ஆண்டு வேகன் வரவில்லை. கம்பெனி மேனேஜர் சட்டத்தை நன்றாகப் படித்திருந்தார். ஆஜர் கொடுத்தால்தானே காசு? கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். ஆஜர் பேரேடு உள்ளே டைம் ஆபீசில். வந்தவர்கள் பூட்டுக்கு வெளியே. பேரேட்டில் எல்லார் பெயருக்கும் நேரே ‘வரவில்லை’ என்று தினமும் எழுதச் செய்தார்.

முதல் வாரம் எல்லாரும் வந்து நின்றார்கள். பிறகு நடவு தொடங்கியது. சுற்றுப்பட்டு ஊர்களில் வயல்காரர்கள் கூலிக்கு ஆள் தேடினார்கள். பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கழனியில் இறங்கினால் அன்றைக்குப் படி நெல்லாவது கிடைக்கும். ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் நின்றது ஒருத்தி. கன்னியம்மா. மண் பிசைகிற பிரிவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள், டோக்கன் முப்பத்தொன்று. வயது முப்பத்தைந்து இருக்கும். வண்டியோட்டும் புருஷன், இரண்டு பிள்ளைகள். மூன்று மைல் நடந்து வந்து, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை பூட்டுக்கு எதிரே நின்றுவிட்டு, மூன்று மைல் திரும்பி நடப்பாள்.

கேட்டுக்கு எதிரே மஸ்தான் பாயின் கடை. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம்; டீ, பீடி, மளிகை எல்லாம் உண்டு. கிளைத் தபால் நிலையமும் அந்தக் கடையின் ஒரு மூலைதான். போஸ்ட் மாஸ்டரும் அவரேதான். நடவுக்குக் கூப்பிட்டும் போகாமல் நிற்கிறாளே என்று அவர் ஒருநாள் கேட்டிருக்கிறார்.

“நானு கழனிக்குப் போய்ட்டா அவன் எழுதிக்கினு கீறது நெசமாப் பூடும் பாய்,” என்றாளாம் கன்னியம்மா. “இப்போ அது பொய்யி. பொய்யாவே இருக்கட்டும்.”

பாய்க்கு அது பிடித்துப்போயிற்று. “நீ நிக்கிறது எனுக்குத் தெரியும். சர்க்காருக்குத் தெரிய வேணாமா?” என்று சொல்லி ஒரு கார்டை எடுத்து எழுதி, அன்றைய முத்திரையைக் குத்தி, எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார். மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் இன்னொன்று.

இப்படித்தான் கன்னியம்மா என் மேசைக்கு வந்தாள். ‘இன்றும் வந்தேன். கேட் பூட்டியிருக்கிறது. வேலை இல்லை. கன்னியம்மா, டோக்கன் 31.’ கீழே அவள் கைநாட்டு. போகப் போகப் பாய்க்கு எழுத்தில் ருசி வந்துவிட்டது. ‘இன்று மழை. ஆனாலும் வந்தாள்.’ ‘இன்று மேனேஜர் காருக்கு மட்டும் பூட்டு திறந்தது. நல்ல பூட்டுதான், ஆள் பார்த்துத் திறக்கிறது.’ தினமும் பதினோரு மணித் தபாலுக்கு நான் காத்திருக்கத் தொடங்கினேன். வந்ததும் பேரேட்டில் பதிந்து எண் போட்டேன். ஒரே ஆள் எழுதுகிற கார்டுகளை முதல் எண்ணோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்பது எனக்குத் தெரியாது. அரை நாள் பயிற்சியில் அது வரவில்லை.

மாத முடிவில் நிலுவைப் பட்டியல் தயார் செய்து, இருப்பதையெல்லாம் எழுதுவதுதான் முறை என்று நினைத்துக் கையெழுத்து வாங்கிச் சென்னைக்கு அனுப்பினேன். வேதாசலம் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டார். பத்து நாளில் மேலிடத்துக் கடிதம் வந்தது. எப்போதும் நிலுவையே இல்லாத அலுவலகத்தில் ஒரே மாதத்தில் இத்தனை நிலுவை எப்படி? விளக்கம் எழுதவும்.

வேதாசலம் பேரேட்டை வாங்கி விரலால் எண்ணினார். “பத்தொம்பது! ஒரு மண் பிசையறவ என் ஆபீஸ்ல பத்தொம்பது கரண்டு உண்டு பண்ணிட்டா. நீ உக்காந்து பேர் வெச்சுக்கிட்டிருந்தியா?”

“எல்.டிஸ். போட்டுடலாமா சார்?”

“மெட்ராஸ் கேட்டாச்சேய்யா! இனிமே ஆபீசர் விசாரிச்சு முடிச்சாத்தான் முடியும்.”

கன்னியம்மாவுக்கு விசாரணை கிடைத்தது அப்படித்தான். யாருக்கும் அவள்மேல் இரக்கம் வரவில்லை. பட்டியல் குறைய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

விசாரணைக்கு முன்பே அவள் ஒருமுறை நேரில் வந்தாள். கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயில் பிடித்துத் திருவள்ளூர். அன்று காலையும் கேட்டில் நின்றுவிட்டுத்தான் வந்தாளாம். அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன்னால் மூச்சிரைக்கப் படியேறினாள். வேதாசலம் ரூல்தடியை எடுத்தார். அளக்க எதுவும் இல்லை.

“மனு எங்கம்மா?”

“கார்டு போட்டுக்கினே கீறனே சார்.”

“கார்டு மனு ஆகாது. வில்லை இல்லை, மார்ஜின் இல்லை. குறை இருக்கு.”

“கொறை இல்லாம இருந்தா நான் இன்னாத்துக்கு சார் இங்க வரேன்?” என்றாள்.

அலுவலகத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நான்தான் என்று நினைக்கிறேன். வேதாசலம் வழக்கம்போல் அவளைப் போகவிட்டுக் கடைசிப் படியில் கூப்பிட்டார். அவள் ஏறி வந்தாள். திரும்ப அனுப்பிக் கூப்பிட்டார். மறுபடி ஏறி வந்தாள். மூன்று மைல் நடந்து பூட்டைப் பார்க்கிறவளுக்குப் பதினெட்டுப் படி ஒரு பொருட்டில்லை. மூன்றாம் முறை அவர்தான் சலித்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். அவர் போன பிறகு ஒரு துண்டுத் தாளில் அவளுடைய கார்டுகளின் எண்களை எழுதிக் கொடுத்தேன். “விசாரணைக்குத் தாக்கீது வரும்போது இந்த எண் அதில் இருக்கும். இல்லாவிட்டால் வேறு யாரோ விஷயம்” என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்தத் துண்டுத் தாள் விஷயம் எப்படியோ வேதாசலத்துக்குத் தெரிந்துவிட்டது. விசாரணைக்கு முதல்நாள் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அப்போது அவர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் பழுப்பு நிறத்தில், பளபளவென்று, புத்தம் புதிய பீங்கான் குழாய்கள் அடுக்கியிருந்தன. என் பார்வை போன இடத்தை அவர் பார்த்தார்.

“உன் டெர்ம் வர்ற மாசம் முடியுதில்ல?”

“ஆமாம் சார்.”

“நான் எழுதினாத்தான் நீட்டிப்பு. நாளைக்கு ஆபீசர் கேட்டா, கார்டெல்லாம் ஒரே கட்டா வந்துது, நான்தான் தெரியாம தேதி தேதியா பதிஞ்சுட்டேன்னு சொல்லு. தெரியாதது தப்பில்ல. சின்ன வயசு.”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கன்னியம்மாவை நினைத்து என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வேர்க்கடலைக் கொல்லையை நினைத்துத்தான்.

எங்கள் ஆபீசர் மாதத்தில் இருபது நாள் சுற்றுப்பயணத்தில் இருப்பவர். அதிகம் பேசாதவர். பேசினால் மேசையைப் பார்த்துப் பேசுவார். மறுநாள் ஒருபுறம் மேனேஜர் வெள்ளை பேண்ட்டில், ஆஜர் பேரேட்டோடு. மறுபுறம் கன்னியம்மாவும் மஸ்தான் பாயும்.

மேனேஜர் சுருக்கமாகச் சொன்னார். இந்த அம்மாள் ஒருநாளும் வரவில்லை, பேரேடே சாட்சி. கார்டுகள் எல்லாம் கடைக்காரர் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியவை. தபால் முத்திரை அவர் கையிலேயே இருக்கிறது. தேதியைத் திருப்பித் திருப்பிக் குத்தினால் யாருக்குத் தெரியும்? கம்பெனி அவர் கடையில் டீ வாங்குவதை நிறுத்திய கோபம்.

“டீ நிறுத்துனது நெசம்தான் சார்,” என்றார் பாய். “பாக்கி குடுக்காம நிறுத்துனாங்க. ஆனா முத்திரை சர்க்காரோடது. அத்த வெச்சு நான் பொய் குத்தமாட்டேன்.”

ஆபீசர் தலையைத் தூக்காமல், “கார்டுகள் எப்படி வந்தன?” என்று கேட்டார். வேதாசலம் எழுந்து, “ஒரே கட்டாத்தான் வந்த ஞாபகம் சார். பதிஞ்சவர் புதுசு” என்று என்னைக் காட்டினார்.

எழுந்து நின்றேன். வீர வசனம் எதுவும் வரவில்லை. பொய்யும் வரவில்லை, அதற்கும் கொஞ்சம் தைரியம் தேவைப்படுகிறது. கைதான் வேலை செய்தது. பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஆபீசர் முன் வைத்துவிட்டு, “இதிலே இருக்கு சார்” என்றேன். அவ்வளவுதான் என் சாட்சியம்.

ஆபீசர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். கன்னியம்மாவின் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னே ஒரு கடிதம், பின்னே ஒரு கடிதம். ஒன்று சென்னையிலிருந்து வந்த சுற்றறிக்கை, ஒன்று ஆலைக்காரர் கடிதம், ஒன்று பச்சை மை மனு. அன்றன்று வந்தவை. தினமும் பக்கத்தின் அடியில் தேதியோடு வேதாசலத்தின் சுருக்கொப்பம். நடுவே சொருக ஒரு கோடு இடமில்லை.

ஆபீசர் பேரேட்டை மூடிவிட்டு மேனேஜரிடம் கேட்டார். “அந்த நாட்களில் கேட்டை எத்தனை மணிக்குத் திறந்தீர்கள்?”

“எதுக்கு சார் திறக்கணும்? கரியே இல்லையே. பூட்டித்தான் இருந்தது.”

“பேரேடு?”

“உள்ளே.”

“வந்தவர்கள் எங்கே ஆஜர் கொடுப்பார்கள்?”

மேனேஜர் தன் ஆஜர் பேரேட்டைப் புரட்டத் தொடங்கினார். கன்னியம்மா பாயின் பக்கம் குனிந்து, “இத்தக் கேக்கத்தானே நானு தெனம் வந்துகினு இருந்தேன்” என்றாள். எல்லார் காதிலும் விழுந்தது.

தீர்ப்பு அவள் பக்கம். முப்பத்து நாலு நாளுக்கு அரைச் சம்பளம். கம்பெனி கொடுக்கவில்லை. தீர்ப்பு வந்தால் காசு வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: அதற்குப் பிறகு ஒரு மனு, அதன் பேரில் ஒரு சான்று, சான்று கலெக்டருக்கு, அங்கிருந்து பொன்னேரி தாசில்தாருக்கு. நில வரி பாக்கியைப் போல வசூலிக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு புது எண். கன்னியம்மா ஒவ்வோர் இடத்துக்கும் போய் எண்ணைக் கேட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏழெட்டு மாதம் ஓடிற்று.

நடுவே என் டெர்ம் முடிந்தது. ‘காலியிடமின்மையால் விடுவிக்கப்பட்டார்.’ அந்த வரியை வேதாசலம் தம் கையாலேயே எழுதினார். அழகான கையெழுத்து. ஓரம் கச்சிதமாகக் கால்வாசி விட்டிருந்தது.

வசூல் நடந்த கதையைப் பாய் சொல்லித்தான் கேட்டேன். ஒரு காலையில் ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் மணியக்காரரும் கம்பெனி கேட்டுக்கு வந்தார்களாம். வரி கட்டாத குடியானவன் வீட்டு வாசலில் செய்கிற மாதிரியே தமுக்கு அடிக்கச் சொன்னார்களாம். டம டமவென்று சத்தம். நாற்றங்காலில் இருந்தவர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள். “இன்னார் கம்பெனி, இன்ன பாக்கி, கட்டாவிட்டால் ஜப்தி” என்று கூவி, முதலில் மேனேஜரின் காரை எழுதிக்கொண்டார்கள். மேனேஜர் செருப்புப் போடாமல் வெளியே வந்தார். “பத்து நிமிசம் கூட ஆவல தம்பி,” என்றார் பாய். “ஏழெட்டு மாசம் இல்லாத டப்பு பத்து நிமிசத்துல வந்துச்சு.”

பணம் எங்கள் அலுவலகம் வழியாகத்தான் அவளுக்குப் பட்டுவாடா ஆக வேண்டும். அன்று என் கடைசிச் சம்பளச் சான்றை வாங்க நானும் அங்கே போயிருந்தேன். அதற்காக அது என் நான்காவது படியேற்றம். என் விண்ணப்பத்திலும் ஏதேதோ விட்டுப்போயிருந்தது. கன்னியம்மா பாயோடு நின்றாள்.

“நீதான் கன்னியம்மாங்கிறதுக்கு அத்தாட்சி?” என்றார் வேதாசலம். “ஆபீசுக்குத் தெரிந்த ஆள் யாராவது அடையாளம் சொல்லணும்.”

அவள் என்னைக் காட்டினாள்.

“அவர் இப்ப ஆபீஸ் ஆள் இல்லை.”

“நான் போஸ்ட் மாஸ்டர். சர்க்கார் ஆள். நான் சொல்றேன்,” என்று மஸ்தான் பாய் முன்னே வந்து கையெழுத்துப் போட்டார். வேதாசலம் பணத்தை எண்ணி வைத்தார். அவள் கைநாட்டு வைத்தாள். படியிறங்கும்போது யாரும் கூப்பிடவில்லை.

ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலுக்கு எங்கள் இருவரையும் நாஷ்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இட்லி வந்தது.

“வேலை பூட்சாமே தம்பி உனுக்கு? பாய் சொன்னாரு.”

“ஆமாம்.”

“எங்களாட்டம் அரைச் சம்பளம் எத்தினி நாளிக்குக் குடுப்பாங்க?”

“ஒரு நாளைக்கும் இல்லம்மா. அந்தச் சட்டம் கம்பெனிகளுக்குத்தான். அதை நடத்துகிற ஆபீசுக்கு இல்லை.”

அவள் இட்லியைப் பிட்ட கையோடு என்னைப் பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. “அப்போ எங்க மேனேஜரே தேவலன்னு சொல்லு!”

பாயும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது; கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அதில் சட்னியின் காரம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு தேர்வெழுதி நிரந்தர வேலையில் சேர்ந்து, முப்பத்துச் சொச்ச வருஷம் மனுக்களின் நடுவே உட்கார்ந்திருந்தேன் என்பதெல்லாம் வேறு. அன்று எனக்கு இருபத்தொரு வயது, வேலையில்லை, பசி இருந்தது.

“இன்னும் ஒரு வடை வெக்கச் சொல்லட்டா?” என்றாள் கன்னியம்மா.

சொல்லச் சொன்னேன்.